பழைய சிப்புக்கும் புதிய சிப்புக்கும் ஒரே பில்ட்: வாசகர் கேள்வி–பதில்

எம்பெடட் மென்பொருள் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்பில் ஓடும் நிரல்) பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: ஏற்கெனவே விற்றுப்போன பழைய போர்டும் ஓட வேண்டும், புதிதாக வாங்கும் போர்டும் ஓட வேண்டும், இரண்டுக்கும் ஒரே சோர்ஸ் கோடு. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் கேட்வே கருவியில் இரண்டு தலைமுறை உண்டு. பழையதில் கார்ட்டெக்ஸ்-ஏ8, புதியதில் கார்ட்டெக்ஸ்-ஏ7. இரண்டுமே ஆர்ம் நிறுவனத்தின் ஏஆர்எம்வி7 கட்டடக்கலை தானே? ஆனால் புதிய போர்டுக்காக பில்ட் செய்த நிரல் பழையதில் சில மணி நேரம் ஓடிவிட்டு 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நின்றுவிடுகிறது. — ஃபர்ம்வேர் எழுதும் வாசகர்

பதில்: எண்ணைப் பார்த்தால் ஏ8 பெரியது, ஏ7 சின்னது. ஆனால் ஏ8 அறிவிக்கப்பட்டது 2005இல், ஏ7 வந்தது 2011இல். இடைப்பட்ட காலத்தில் ஏ வரிசைச் சிப்புகளில் முழு எண்களை வகுக்க 'எஸ்டிவ்', 'யுடிவ்' என்று இரண்டு கட்டளைகளை ஆர்ம் சேர்த்தது. ஏ15, ஏ7 இரண்டிலும் அவை உண்டு. ஏ8, ஏ9 இரண்டிலும் கிடையாது. எல்லாவற்றுக்கும் பெயர் ஏஆர்எம்வி7 தான். கட்டடக்கலையின் பெயர் ஒன்றாக இருப்பதால் கட்டளைத் தொகுப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

பில்ட் விதிகள் உள்ள உங்கள் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். 'எம்சிபியு' ஃபிளாக்கில் கார்ட்டெக்ஸ்-ஏ7 என்று இருக்கும், பந்தயமே கட்டலாம். ஜிசிசி கம்பைலரில் இதற்கு மூன்று ஃபிளாக்குகள். 'எம்ஆர்ச்' என்பது எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்று எல்லை போடும். 'எம்டியூன்' என்பது அந்த எல்லைக்குள் எந்தச் சிப்பில் வேகமாக ஓடும்படி கட்டளைகளை அடுக்க வேண்டும் என்று சொல்லும். 'எம்சிபியு' இரண்டையும் ஒரே அடியில் செய்துவிடும். உங்களுக்கு வேண்டியது எம்ஆர்ச்சில் ஏஆர்எம்வி7-ஏ, எம்டியூனில் கார்ட்டெக்ஸ்-ஏ7. வேகத்தில் பெரிய இழப்பு இருக்காது, பழைய போர்டும் பிழைத்துக்கொள்ளும்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? இரண்டு முழு எண்களை வாங்கி ஒன்றை மற்றொன்றால் வகுத்துத் திருப்பித் தரும் ஒரு வரி ஃபங்ஷன் எழுதி, இரண்டு விதமாகவும் கம்பைல் செய்து, உள்ளிருக்கும் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் போட்டுப் பாருங்கள். ஏ7 பில்டில் 'எஸ்டிவ் ஆர்0, ஆர்0, ஆர்1' என்று ஒரே வரி நிற்கும். பொதுவான பில்டில் அந்த இடத்தில் 'ஏஈஏபிஐ-ஐடிவ்' என்ற லைப்ரரி ஃபங்ஷனுக்கு ஒரு அழைப்பு இருக்கும். அந்த ஃபங்ஷன் கழித்தும் நகர்த்தியும் வகுத்தலை முடிக்கிறது. ஏ8க்குப் புரியும் பாஷை அதுதான்.

அப்புறம், 'சில மணி நேரம் ஓடிவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் ஆபத்தான பகுதி. 10 போன்ற மாறிலியால் வகுத்தால் கம்பைலர் பெரும்பாலும் அதைப் பெருக்கலாக மாற்றிவிடும், எஸ்டிவ் வராது. வகுக்கும் எண் மாறியாக இருந்தால்தான் வரும். அந்த வரி பிழை வந்தால் மட்டும் ஓடும் ஒரு பாதையில் இருந்தால்? நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படித்தான் ஒரு அப்டேட் போனது. மேசையில் இருந்த பழைய போர்டில் நன்றாகவே ஓடியது. வெளியே போன பிறகு நெட்வொர்க் துண்டித்தால் மட்டும் கணக்கிடப்படும் காத்திருப்பு நேரத்தில் ஒரு வகுத்தல் இருந்தது. நெட்வொர்க் போன இடங்களில் எல்லாம் பழைய கருவிகள் ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தன. நெட்வொர்க் இல்லாததால் தொலைவிலிருந்து சரிசெய்யவும் வழியில்லை. ஆட்கள் நேரில் போய்த்தான் ஒவ்வொன்றாக மீட்டார்கள். அந்தக் கருவிகளை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இதைச் சோதனையில் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், பில்டிலேயே பிடியுங்கள். லிங்க் முடிந்ததும் ரீட்எல்ஃப் கருவியைப் பெரிய ஏ ஆப்ஷனோடு ஓட்டினால், அந்தக் கோப்பு எந்தச் சிபியு கட்டடக்கலைக்கு, தசம எண்களைக் கணக்கிடும் எந்த மிதவைப் புள்ளி அலகுக்கு, நியான் (பல எண்களை ஒரே சமயத்தில் கணக்கிடும் அலகு) உண்டா இல்லையா என்பதையெல்லாம் சொல்லும். ஆப்ஜ்டம்ப் வெளியீட்டில் எஸ்டிவ், யுடிவ் இருக்கிறதா என்று ஒரு கிரெப் தேடல். பழைய போர்டுக்கான கோப்பில் இருந்தால் பில்ட் அங்கேயே விழட்டும். சில வரி ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

கேள்வி: முதல் ராஸ்பெரி பை போர்டுக்காக எம்ஆர்ச்சில் ஏஆர்எம்வி6 என்று சரியாகவே கொடுத்தேன். ஸ்டாட்டிக் லிங்க்கும் செய்தேன், லைப்ரரிகள் எல்லாம் நிரலுக்குள்ளேயே இருக்கும்படி. அப்படியும் மெயின் ஃபங்ஷனைத் தொடுவதற்கு முன்பே விழுகிறது. — கல்லூரி மாணவி

பதில்: உங்கள் கோடு ஏஆர்எம்வி6க்கு கம்பைல் ஆகியிருக்கும். ஆனால் அதோடு சேரும் சி லைப்ரரி, மெயினுக்கு முன் ஓடும் தொடக்கக் கோப்புகள், கம்பைலரின் துணை லைப்ரரி எல்லாம் ஏற்கெனவே யாரோ கம்பைல் செய்து வைத்தவை. நீங்கள் கொடுக்கும் ஃபிளாக் அவற்றை எட்டாது. டெபியன் லினக்ஸின் ஆர்ம்எச்எஃப் வகை கிராஸ் கம்பைலரோடு (ஒரு கணினியில் ஓடி வேறு சிப்புக்குக் கோடு தருவது) வருபவை ஏஆர்எம்வி7, விஎஃப்பிவி3 (ஆர்மின் மிதவைப் புள்ளி அலகின் ஒரு தலைமுறை) என்ற அடிப்படையில் கட்டப்பட்டவை. முதல் பையில் இருப்பதோ ஏஆர்எம்1176, அதாவது ஏஆர்எம்வி6, விஎஃப்பிவி2. இந்த இடைவெளிக்காகத்தான் 2012இல் டெபியனின் தொகுப்பை ஏஆர்எம்வி6க்கு மறுபடி கட்டி ராஸ்பியன் என்று வெளியிட்டார்கள்.

பில்ட்ரூட் அல்லது கிராஸ்டூல்-என்ஜி கொண்டு ஏஆர்எம்வி6க்கென்றே ஒரு டூல்செயின் (கம்பைலர், லிங்க்கர், லைப்ரரிகள் சேர்ந்த தொகுப்பு) கட்டிக்கொள்ளுங்கள். லைப்ரரி உட்பட எல்லாமே அந்த எல்லைக்குள் இருக்கும். ஒரு தடவை பொறுமையாகக் கட்டிவிட்டால் போதும்.

கேள்வி: சப்ளையர் கொடுத்த லைப்ரரியை லிங்க் செய்தால், 'ஒரு கோப்பு விஎஃப்பி ரெஜிஸ்டரில் மதிப்புகளை அனுப்புகிறது, மற்றது அப்படிச் செய்வதில்லை' என்று லிங்க்கர் திட்டுகிறது. மீறி லிங்க் செய்ய வழி உண்டா? — பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: வழி தேடாதீர்கள். ஒரு பக்கம் தசம எண்களை மிதவைப் புள்ளி ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) வைத்து அனுப்புகிறது, மறுபக்கம் சாதாரண ரெஜிஸ்டரில் தேடுகிறது. மீறி இணைத்தால் ஃபங்ஷனுக்குக் குப்பை எண்கள்தான் போகும். சப்ளையரிடம் உங்கள் 'ஃப்ளோட்-ஏபிஐ'க்கு (தசம எண்களை அனுப்பும் முறைக்கு) ஏற்ற பதிப்பைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், நீங்கள் 'சாஃப்ட்எஃப்பி' முறைக்கு மாறலாம். கணக்கை வன்பொருள்தான் செய்யும், மதிப்புகள் மட்டும் சாதாரண ரெஜிஸ்டர் வழியே போகும். ஆனால் அப்போது உங்கள் பக்கத்து லைப்ரரிகள் எல்லாமே அதே முறைக்கு வர வேண்டும்.

கேள்வி: கார்ட்டெக்ஸ்-எம்4இல் வருடக்கணக்காக ஓடிய பாக்கெட் பிரிக்கும் கோடு இது. விலை குறைந்த மாடலுக்காக எம்0+ சிப்புக்குக் கொண்டுபோனால் ஹார்ட் ஃபால்ட் என்று சிப் பிழையில் நின்றுவிடுகிறது. கோடில் ஒரு எழுத்து மாறவில்லை. — சென்சார் தயாரிக்கும் குழு

பதில்: பாக்கெட்டின் மூன்றாவது பைட்டிலோ ஆறாவது பைட்டிலோ தொடங்கும் 32 பிட் எண்ணை, பாயிண்டரை மாற்றி நேரடியாகப் படிக்கிறீர்கள். சரிதானே? எம்3, எம்4 சிப்புகளில் நாலால் வகுபடாத முகவரியிலிருந்தும் சாதாரணமாக ஒரு 32 பிட் எண்ணைப் படிக்கலாம். எம்0, எம்0+ ஏஆர்எம்வி6-எம் வகை. அங்கே அப்படிப் படித்தால் உடனே ஃபால்ட். இதைவிட மோசம் பழைய ஏஆர்எம்9 வகை சிப்புகள். பல அமைப்புகளில் அவை ஃபால்ட்டும் தராது, பைட்டுகளைச் சுழற்றித் தவறான எண்ணைக் கையில் கொடுத்துவிடும். விழுந்தால் தெரிந்துவிடும். தப்பான எண்ணோடு ஓடிக்கொண்டே இருந்தால் யார் கண்டுபிடிப்பது?

எம்4இல் ஓடியதும் அதிர்ஷ்டம்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த இரண்டு 32 பிட் எண்களைப் படித்தால், ஆப்டிமைசேஷனில் கம்பைலர் இரண்டையும் சேர்த்து 'எல்டிஆர்டி' என்ற ஒரே கட்டளையாக்கலாம். அந்தக் கட்டளை எம்4இலும் சீரற்ற (நாலால் வகுபடாத) முகவரியை ஏற்காது. இன்று ஓடும் கோடு கம்பைலரைப் புதுப்பித்த மறுநாள் விழலாம்.

தீர்வு பழையது, எளியது: 'மெம்காப்பி'. நாலு பைட்டை ஒரு உள்ளூர் மாறிக்குள் மெம்காப்பி செய்யுங்கள். வேகம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அளவு மாறிலியாக இருந்தால், சீரற்ற முகவரியை அனுமதிக்கும் சிப்புக்கு கம்பைலர் அதை ஒரே 'எல்டிஆர்' கட்டளையாக ஆக்கிவிடும். அனுமதிக்காத சிப்புக்கு பைட் பைட்டாகப் படித்து ஒட்டும். ஒரே சோர்ஸ், ஒவ்வொரு சிப்புக்கும் அதற்கேற்ற கோடு. இந்த வேலையைக் கம்பைலரிடம் விட்டுவிடுவதுதான் நியாயம்.

எம்0க்கு இறங்கும்போது இன்னொன்றும் காத்திருக்கும். எம்3 முதல் உள்ள 'எல்டிரெக்ஸ்', 'எஸ்டிரெக்ஸ்' கட்டளைகள் (இடையில் யாரும் தொடவில்லை என்று உறுதிசெய்து எழுதுபவை) அங்கே இல்லை. சி11இன் அடாமிக் (நடுவில் குறுக்கிட முடியாத) மாறியில் ஒன்றைக் கூட்டினால், பொதுவாக 'அடாமிக்-ஃபெட்ச்-ஆட்-4' என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று லிங்க் விழும். அது விழுவது நல்லது, சந்தோஷப்படுங்கள். 'வாலட்டைல்' போட்ட சாதாரண மாறியை வைத்து ஓட்டியிருந்தால் சத்தமே இல்லாமல் எண்ணிக்கை தவறும். படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றும் தனித்தனிக் கட்டளைகள், நடுவில் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி வரும் வன்பொருள் அழைப்பு) நுழைந்துவிடும். அந்தக் கூட்டலைச் சுற்றி இன்டரப்ட்டை நிறுத்துங்கள். நிறுத்தும் முன், இன்டரப்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் 'பிரைமாஸ்க்' மதிப்பைச் சேமித்து, முடிந்ததும் அந்த மதிப்பையே திருப்பி வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்டரப்ட்டைத் திறந்துவிட்டால், ஏற்கெனவே அதை நிறுத்திவைத்துவிட்டு உங்களை அழைத்த கோடு அம்போவென்று நிற்கும். ஆர்பி2040 போல இரண்டு எம்0+ உள்ள சிப்பில் இதுவும் போதாது. ஒரு கோரில் இன்டரப்ட்டை நிறுத்தினால் மற்ற கோர் நிற்காது. அதற்காகவே அந்தச் சிப்பில் 32 வன்பொருள் ஸ்பின்லாக்குகள் (ஒரு கோர் எடுத்தால் மற்றது காத்திருக்கும் பூட்டுகள்) வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: 8 பிட் ஏவிஆர் சிப்பில் எழுதியதை 32 பிட்டுக்கு மாற்றுகிறோம். பெரிய சிப்புக்குத்தானே போகிறோம், என்ன பிரச்சினை வந்துவிடும்? — பொழுதுபோக்காக மின்னணு செய்பவர்

பதில்: சின்னதிலிருந்து பெரியதற்குப் போகும்போதும் அடி விழும். ஏவிஆரில் 'இன்ட்' 16 பிட். 1000ஐ 60ஆல் பெருக்கினால் 60000, அது 32767ஐத் தாண்டிவிடும் என்பதால் 'லாங்' போட்டு எழுதப் பழகியிருப்பீர்கள். அது சரி. ஆனால் 16 பிட் டைமர் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புவதை நம்பி, குறியற்ற (எதிர்மறை இல்லாத) இரண்டு எண்களைக் கழித்து வித்தியாசத்தை அப்படியே ஒப்பிட்ட இடங்கள் இருக்கும். 32 பிட்டில் அந்தக் கழித்தல் முதலில் முழு இன்ட்டாக விரிந்து எதிர்மறை எண் தரும். விடையை மறுபடி 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இரண்டிலும் ஒன்றுபோல ஓடும்.

சேமித்த தரவு இன்னொரு கண்ணி. ஒரு பைட்டும் அதற்குப் பின் ஒரு 32 பிட் எண்ணும் உள்ள ஸ்ட்ரக்ட், ஏவிஆரில் 5 பைட். ஆர்மில் நடுவே மூன்று பைட் காலியிடம் விட்டு 8 பைட். மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் பழைய கருவி எழுதியதைப் புதிய கருவி அப்படியே படித்தால் எல்லாம் நகர்ந்திருக்கும். ஏவிஆர்-ஜிசிசியில் 'டபுள்' வழக்கமாக 4 பைட் என்பதும் சேர்ந்துகொள்ளும். சேமிக்கும் எதையும் ஸ்ட்ரக்ட்டாக எழுதாமல், இந்த இடத்தில் இத்தனை பைட், குறைந்த மதிப்புள்ள பைட் முதலில் என்று வரையறுத்து, பைட் பைட்டாக எழுதுங்கள். ஸ்ட்ரக்ட்டையே நம்பும் இடங்களில் அளவைச் சரிபார்க்கும் 'ஸ்டாட்டிக் அசெர்ட்' ஒரு வரி போடுங்கள். தவறினால் கம்பைலே ஆகாது.

அப்புறம் எழுத்துகளுக்கான 'கார்' வகை. சாதாரணக் கணினிகளின் எக்ஸ்86இல் அது குறியுள்ளது, ஆர்மில் குறியற்றது. -1ஐ கார் மாறியில் வைத்து ஒப்பிட்ட கோடு ஆர்மில் முடிவே இல்லாமல் சுற்றலாம்.

கேள்வி: எங்கள் கோடு முழுக்க இஃப்டெஃப் (எந்த வரிகள் கம்பைல் ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிபந்தனை) காடாகிவிட்டது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒன்று. எப்படி ஒழுங்கு செய்வது? — குழுத் தலைவர்

பதில்: சிப்பின் பெயரைக் கேட்பதை நிறுத்துங்கள், சிப்பின் திறனைக் கேளுங்கள். 'இது எம்4ஆ?' என்று கேட்கும் இஃப்டெஃப் எம்33 வந்ததும் பொய்யாகிவிடும். 'சீரற்ற முகவரியைப் படிக்க முடியுமா?', 'வன்பொருள் வகுத்தல் உண்டா?', 'டேட்டா கேஷ் உண்டா?' என்று கேட்பவை புதிய சிப் வந்தாலும் நிற்கும். இவற்றில் பலவற்றுக்கு ஆர்ம் கம்பைலர்களே 'ஆர்ம்-ஃபீச்சர்' என்று தொடங்கும் மேக்ரோக்களை வரையறுத்துத் தருகின்றன. மீதியை நீங்கள் ஒரே ஒரு ஹெடர் கோப்பில் வரையறுங்கள். மற்ற கோப்புகள் எதிலும் சிப்பின் பெயரே வரக்கூடாது. வந்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்கள்.

இஃப்டெஃப்பின் கடைசியில் வெறும் 'எல்ஸ்' போடாதீர்கள் என்பதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தெரியாத சிப் வந்தால் அது சத்தமில்லாமல் ஏதோ ஒரு கிளைக்குள் போய்விடும். அந்த இடத்தில் கம்பைலையே நிறுத்தும் 'எரர்' டைரக்டிவ் வையுங்கள். புதிய சிப்பைச் சேர்ப்பவர் ஒவ்வொரு எரராகப் பார்த்து முடிவெடுத்துக்கொண்டே போவார். எங்கெங்கே யோசிக்க வேண்டும் என்ற பட்டியலைக் கம்பைலரே கையில் கொடுத்துவிடும்.

பெரிய வேறுபாடுகளுக்கு லினக்ஸ் கர்னலின் 'ஆர்ச்' ஃபோல்டரைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டடக்கலைக்கும் ஒரு ஃபோல்டர், பொதுக் கோடு வெளியே. எந்தக் கோப்பு சேர வேண்டும் என்பதை பில்ட் தீர்மானிக்கிறது. ஒரே ஃபங்ஷனுக்குள் நாலு சிப்புக்கான வரிகள் பின்னிக் கிடப்பதைவிட, நாலு சின்னக் கோப்புகள் எவ்வளவோ மேல்.

கேள்வி: ரிஸ்க்-ஃபைவ் (ஆர்ம் அல்லாத வேறொரு கட்டடக்கலை) போர்டு. கம்பைலரை மட்டும் புதுப்பித்தோம். 'சிஎஸ்ஆர்ஆர்' கட்டளை தெரியாது, 'இசட்ஐசிஎஸ்ஆர்' (zicsr) எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்கிறது. — அதே குழுவின் இன்னொருவர்

பதில்: ரிஸ்க்-ஃபைவ் விவரக்குறிப்பில் அந்தக் கட்டளைகள் அடிப்படைத் தொகுப்பிலிருந்து தனி எக்ஸ்டென்ஷனாகப் பிரிக்கப்பட்டன. 2022இல் வந்த பின்யுடில்ஸ் 2.38 (அசெம்பிளர், லிங்க்கர் தொகுப்பு), ஜிசிசி 12 இரண்டும் அந்தப் புதிய விவரக்குறிப்பை இயல்பாக எடுத்துக்கொண்டன. எம்ஆர்ச் சரத்தின் முடிவில் ஒரு அடிக்கோடு (_) போட்டு இசட்ஐசிஎஸ்ஆர் என்று சேருங்கள். ஆனால் மிகப் பழைய கம்பைலருக்கு அந்தப் பெயரே தெரியாது. இரண்டு கம்பைலரையும் ஆதரிப்பதாக இருந்தால், பில்ட் தொடங்கும்போது அந்த ஃபிளாக்கோடு ஒரு காலிக் கோப்பைக் கம்பைல் செய்து பார்த்து, ஏற்றுக்கொண்டால் மட்டும் சேர்க்க வேண்டும். பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கம்பைலரையே கேட்டுவிடுவது நம்பகமானது.

கேள்வி: பழைய போர்டுகள் எங்களிடம் அதிகம் இல்லை. சிப்பை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் கியூஎமுவில் ஓட்டிச் சோதித்தால் போதுமா? — சோதனைப் பொறியாளர்

பதில்: போதாது, ஆனால் கட்டாயம் செய்யுங்கள். கட்டளைத் தொகுப்பு, இன்ட் அளவு, பைட் வரிசை போன்ற தவறுகளை ஒவ்வொரு கமிட்டிலும் அது பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: பயனர் நிரல்களை ஓட்டும் கியூஎமு-ஆர்ம், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாத் திறனும் உள்ள ஒரு சிபியுவாக நடிக்கும். எஸ்டிவ் அங்கே நன்றாக ஓடிவிடும். சிபியு ஆப்ஷனில் கார்ட்டெக்ஸ்-ஏ8 என்றோ ஏஆர்எம்1176 என்றோ சொல்லியே ஓட்டுங்கள். கேஷும் (சிப்புக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) டிஎம்ஏவும் (சிபியு தலையிடாமல் தரவை நகர்த்தும் அலகு) ஒத்துப்போகாத தவறுகள், நேரம் சார்ந்த தவறுகள் இதில் தெரியாது. எம்7 போல டேட்டா கேஷ் உள்ள சிப்புக்கு ஏறும்போது உண்மையான போர்டு இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். இருக்கிற பழைய போர்டில் ஒன்றையாவது சோதனை ரேக்கில் நிரந்தரமாகப் பூட்டி வையுங்கள். யாரும் இரவல் வாங்கிப் போகக்கூடாது.

கேள்வி: 32 பிட் லினக்ஸ் கருவிகள் 2038இல் நின்றுவிடும் என்கிறார்களே, எங்கள் கருவிகள் இன்னும் நீண்ட காலம் ஓட வேண்டும். — தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர்

பதில்: 1970 முதல் எண்ணும் விநாடிகள் குறியுள்ள 32 பிட்டில் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரம் 03:14:07க்கு நிரம்பிவிடும். வன்பொருளை மாற்ற வேண்டியதில்லை. லினக்ஸ் 5.6, 32 பிட் கட்டடக்கலைகளுக்கும் 64 பிட் நேரத்தைத் தருகிறது. மஸ்ல் என்ற சி லைப்ரரி 1.2.0 முதல் நேரத்தை 64 பிட்டாகவே வைத்திருக்கிறது. இன்னொரு சி லைப்ரரியான கிலிப்சியில் 2.34 முதல் 'டைம்-பிட்ஸ்' மேக்ரோவுக்கு 64 கொடுத்து கம்பைல் செய்யலாம், கூடவே கோப்பு ஆஃப்செட்டையும் 64 ஆக்க வேண்டும்.

ஒரு நிரலை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது. நேரத்தைக் கைமாற்றும் லைப்ரரிகள் எல்லாம் ஒரே அளவில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் 8 பைட் எழுத, மற்றவர் 4 பைட் படிப்பார். சேமிப்பையும் பாருங்கள்: ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் 128 பைட் ஐநோடு (கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) உள்ள பார்ட்டிஷனில் கோப்பின் தேதி 2038ஐத் தாண்டாது, 256 பைட் என்றால் 2446 வரை போகும். சின்னப் பார்ட்டிஷன்களுக்கு முன்பெல்லாம் 128 பைட்தான் இயல்பாக அமையும், அதனால் எம்பெடட் கருவிகளில் இது நிறையவே இருக்கும். 'ட்யூன்2எஃப்எஸ்' கருவியில் இன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் களத்தில் இருக்கும் கருவியை ரீஃபார்மட் செய்வது லேசான காரியமில்லை.

கேள்வி: பழைய சிப்பை ஆதரிப்பதை எப்போது நிறுத்தலாம்? நிர்வாகம் உடனே நிறுத்தச் சொல்கிறது. — இரண்டு வாசகர்கள் இதையே கேட்டிருக்கிறார்கள்

பதில்: நிறுத்துவது தவறில்லை. லினக்ஸ் 1991இல் பிறந்ததே 386 கணினியில்தான். அந்த 386க்கான ஆதரவையே 2013இல் வந்த 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 386இல் ஒப்பிட்டு மாற்றும் 'சிஎம்பிஎக்ஸ்சிஎச்ஜி' கட்டளை இல்லை. அதற்காகப் பொதுக் கோடில் சுமந்த ஏற்பாடுகள் மற்ற எல்லோரையும் சிரமப்படுத்தின. 2018இல் 4.17 பதிப்பில் பிளாக்ஃபின், டைல், எம்32ஆர் உட்பட எட்டுக் கட்டடக்கலைகளை ஒரே மூச்சில் நீக்கினார்கள். அங்கே ஆள் இல்லை, பயனர் இல்லை என்று விசாரித்த பிறகே செய்தார்கள்.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். களத்தில் எத்தனை கருவிகள் இன்னும் தொடர்பில் இருக்கின்றன? ஆதரவு வருடத்துக்கு எவ்வளவு உழைப்பைத் தின்கிறது? இரண்டாவதற்கு நிர்வாகம் சொல்லும் எண் பெரும்பாலும் ஊகம்தான். மேலே சொன்னபடி திறன்களை ஒரு ஹெடரில் ஒதுக்கி வைத்திருந்தால் பழைய சிப்பின் செலவு உண்மையில் சிறியதாகத்தான் இருக்கும். அதைக் கணக்கோடு காட்டுங்கள். ஓடும் கருவியை நாம் கைவிடுவதால் குப்பையில் போடவைப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவே இல்லை. நன்றாக வேலை செய்யும் இரும்பு அது, வாங்கியவர் காசு கொடுத்து வாங்கியது.

நிறுத்தத்தான் வேண்டும் என்றால், முன்கூட்டியே தேதி சொல்லுங்கள். கடைசிப் பதிப்பைத் தனிக் கிளையாக்கி, அதைக் கட்டிய டூல்செயினை ஒரு கன்டெய்னருக்குள் உறையவைத்துப் பாதுகாத்துவிடுங்கள். சோர்ஸ் இருந்தும் அதைக் கட்ட கம்பைலர் இல்லாமல் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அந்தக் கிளைக்கு இன்னும் சில காலம் போகட்டும்.

கேள்வி: பழகிப் பார்க்க ஒரே போர்டு வாங்குவதென்றால் எது? — பள்ளி ஆசிரியர்

பதில்: ராஸ்பெரி பை பிகோ 2. அதிலுள்ள ஆர்பி2350 சிப்பில் இரண்டு கார்ட்டெக்ஸ்-எம்33 கோர்களும், இரண்டு ரிஸ்க்-ஃபைவ் கோர்களும் இருக்கின்றன. எதில் ஓட வேண்டும் என்று பூட் ஆகும்போது தேர்ந்துகொள்ளலாம். அதே எல்இடி, அதே பின்கள், இரண்டு கட்டடக்கலைகள். மாணவர்களை ஒரே நிரலை இரண்டுக்கும் பில்ட் செய்யச் சொல்லி, ஆப்ஜ்டம்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிய போர்டுக்கான அப்டேட் தவறிப்போய்ப் பழைய போர்டில் ஏறாமல் தடுப்பது எப்படி? கோப்பின் பெயரில் மாடல் எண் போட்டிருக்கிறோம். — ஃபர்ம்வேர் வெளியீட்டைக் கவனிப்பவர்

பதில்: கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். டவுன்லோடு ஆகும்போதே சிலசமயம் மாறிவிடும். கோப்புக்குள் ஒரு தலைப்பகுதி வைத்து, அதில் எந்தப் போர்டு, எந்தக் கட்டடக்கலை, குறைந்தபட்சம் எந்த வன்பொருள் திருத்தம் என்று எழுதி, அதையும் சேர்த்து டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். கருவி தன் அடையாளத்தை, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலிருந்தோ, தயாரிப்பின்போது எழுதிய ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய நினைவகத்திலிருந்தோ படித்து ஒப்பிடட்டும். ஃபிளாஷில் ஒரு பைட் அழிக்கப்படுவதற்கு முன்பே இந்தச் சோதனை நடக்க வேண்டும். அப்டேட் நிரலில் மட்டும் வைக்காதீர்கள், கருவி எழும்பும்போது முதலில் ஓடும் பூட்லோடரிலும் வையுங்கள். இடமிருந்தால் இரண்டு பார்ட்டிஷன் முறை: புதியது மூன்று முறை சரியாக எழும்பவில்லை என்றால் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும்.

எழுதி முடித்ததும் புதிய போர்டின் கோப்பைப் பழையதற்கும் பழையதன் கோப்பைப் புதியதற்கும் வேண்டுமென்றே அனுப்பிப் பாருங்கள். இரண்டும் மறுக்கிற வரை வெளியீட்டுப் பொத்தானைத் தொடாதீர்கள்.